இன்னும் ஒரு ரவுண்டு

"தம்பி, மார் பெல்ட்ட கழட்டு. கால் பெல்ட்டுல கைய வெச்சிக்க. நான் சொல்ற வரைக்கும் அத கழட்டாத."

அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கேட்பது இந்தக் குரல்தான். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு மாறி உட்காரச் சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அப்போது நாங்கள் இருவரும் ஒரே பாராகிளைடரின் துணி இறக்கையில் தொங்கிக்கொண்டிருந்தோம். நான் முன்னால், அவள் எனக்குப் பின்னால், அவள் மூச்சுவிடுவது என் காதில் கேட்கிற நெருக்கத்தில். கீழே கடல். பக்கத்தில் செம்மண் பாறை. கொஞ்ச நேரத்துக்கு முன்பு அந்தப் பாறையின் உச்சி எங்கள் காலுக்குக் கீழே இருந்தது. இப்போது அது எங்கள் தோளுக்குச் சமமாக வந்து, பிறகு தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பாறை எழவில்லை, நாங்கள்தான் இறங்குகிறோம் என்று எனக்குப் புரிவதற்குள் அவள் எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தாள்.

எங்கள் நைனா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். செஞ்சியிலிருந்து விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலை என்று அவர் ஓட்டாத ரூட் கிடையாது. அக்கா சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். ஆபீஸ் தோழிகளோடு கேரளத்துக் கடற்கரைக்குச் சுற்றுலா போனவள், அங்கே ஒரு பாறை விளிம்பிலிருந்து ஆட்கள் பறப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த லீவுக்கும் அங்கேயே போனாள். அதற்கடுத்த லீவுக்கும் போனாள். வட இந்தியாவில் ஒரு மலையூரில் தங்கி முறையாகக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் செஞ்சிக்கு வந்து, வேலையை விட்டுவிட்டதாகவும், இனி அந்தக் கடற்கரையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பறக்கப் போவதாகவும் சொன்னாள். அம்மா அழுதாள். நைனா மட்டும், "வண்டி ஓட்டற வேலன்னு சொல்லு," என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி அவர் பல மாதம் பேசவில்லை. ஊருக்குள் யாராவது கேட்டால் மகள் கேரளாவில் டூரிஸ்ட் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லிவிட்டு நடந்துவிடுவார்.

ஊருக்கு வரும்போது அவள் இறக்கையைக் கொண்டுவருவாள். விடிந்ததும் திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு கொல்லையில் அதை விரிப்பாள். பறப்பதற்காக இல்லை. காலைத் தரையில் ஊன்றியபடியே இறக்கையைத் தலைக்கு மேல் எழுப்பி, விழாமல் நிறுத்திவைத்துப் பழகுவாள். அது இடப்பக்கம் சாய்ந்தால் இவளும் இடப்பக்கம் நடப்பாள். துணி ஒரு நொடி தொய்ந்தால் கயிற்றில் விரலை லேசாக இழுப்பாள். கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள். கயிறு கையில் சொல்வதைக் கேட்டுப் பழகினால்தான் மேலே போனதும் நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியும் என்பாள். ஆடு மேய்க்க வந்தவர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் வேலியோரம் வந்துவிடுவார்கள். "அவ்ளோ தூரம் இன்னாத்துக்குப் போவுற? நம்ம ராஜகிரி மேலேர்ந்து குதிக்க வேண்டியதுதான?" என்று ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார். ராஜகிரிக் கோட்டையிலிருந்து பறக்க அனுமதி கிடையாது என்பதை அவள் முதலில் சொல்வாள். பிறகு எங்களிடம் மட்டும் அடுத்ததைச் சொல்வாள். இங்கே வெயில் ஏற ஏறக் கற்குன்றுகள் அடுப்பாகிவிடுகின்றன, காற்று எங்கே பொங்கும், எங்கே அமுங்கும் என்று சொல்ல முடியாது, குன்றுக்குப் பின்பக்கம் அது சுழன்று கீழே இழுக்கும். கடல் காற்று அப்படியில்லை, ஒரே சீராக வரும். "அதனால அது ஈசின்னு நெனச்சிக்காத," என்றும் உடனே சேர்த்துக்கொள்வாள்.

அவள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க நான் போனது ஒரு மாசி மாதம். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். அந்தப் பாறையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ராஜகிரியின் அடிவாரத்தில் கொண்டுவந்து வைத்தால் ஒரு படிக்கட்டு அளவுக்குக்கூடத் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தென்னைமரம் நிற்க வைத்த உயரம் இருக்கலாம். மேலே ஓட்டல்கள், கடைகள். கீழே கொஞ்சம் மணல், அப்புறம் கடல்.

"இத்தினியூண்டு மேட்டுக்கா நீ இவ்ளோ கத சொன்ன?" என்றேன்.

"இத்தினியூண்டா இருக்கறதுதான்டா டேஞ்சர்," என்றாள்.

அன்று மாலை பாறை விளிம்பில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். கடலிலிருந்து வரும் காற்று இந்தப் பாறையில் மோதி மேலே ஏறுகிறது. அந்த ஏறும் காற்று ஒரு மெல்லிய பட்டைதான். பாறையோரமாக அந்தப் பட்டைக்குள்ளேயே போய், திரும்பி, மறுபடி வரவேண்டும். எப்போது திரும்பினாலும் முகம் கடல் பக்கமாகத்தான் திரும்ப வேண்டும், பாறைப் பக்கம் ஒருபோதும் கூடாது. காற்று அதிகமானால் இறக்கையைப் பின்னுக்குத் தள்ளி ஓட்டல்களுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் போட்டுவிடும். குறைந்தால் விளிம்புக்குக் கீழே இறங்கிவிடுவோம், அங்கிருந்து மறுபடி ஏறுவது நடக்காத காரியம். பெரிய மலையில் ஏதாவது தப்பானால் யோசிக்க நேரம் இருக்கும், ஆபத்துக்கு வைத்திருக்கும் இன்னொரு பாராசூட்டை வீச உயரம் இருக்கும். இங்கே அதை வீசினால் விரிவதற்குள் தரை வந்துவிடும். "மேல போயி யோசிக்கறதுக்கு டைம் கெடையாது. எல்லாத்தியும் தரையிலயே யோசிச்சி முடிச்சிடணும்," என்றாள்.

அடுத்த நாள் மதியம் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போய் நீந்தச் சொன்னாள். செஞ்சிப் பக்கத்துப் பையன்களைப்போல நானும் வயல் கிணற்றில் குதித்து நீச்சல் படித்தவன். கடல் வேறு மாதிரி இருந்தது. அலை வந்து மூக்கில் அடித்தது. அவள் விடவில்லை. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய் மல்லாந்து மிதக்கச் சொன்னாள், அலைக்கு அடியில் மூழ்கி எழச் சொன்னாள். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். கரையேறியதும் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தாள். "அதான் ஜாக்கெட் இருக்குதே, எதுக்கு என்ன இந்த பாடு படுத்தின?" என்று கேட்டேன். "ஜாக்கெட் மெதக்கதான் வெக்கும். பயப்படாம இருக்க வெக்காது," என்றாள். தன் மார்புப் பட்டையில் செருகியிருந்த ஒரு சின்னக் கத்தியையும் காட்டினாள். கொக்கிபோல வளைந்து, உள்பக்கம் மட்டும் கூராக இருந்தது. பட்டையை, கயிற்றை அறுக்க மட்டும்தான் உதவும், உடம்பில் படாது. எப்படி இழுக்க வேண்டும் என்று ஒரு பழைய பெல்ட்டை என்னையே அறுக்கச் சொன்னாள்.

சாயங்காலம் பறந்தோம். மூன்று எட்டு ஓடுவதற்குள் தரை இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. கடல் முழுக்க வெயில் சாய்ந்து கிடந்தது. பாறையோரம் வடக்கே போய்த் திரும்பினோம், தெற்கே போய்த் திரும்பினோம். எங்கள் காலடியில் பருந்துகள் பறந்தன. ஓட்டல் மாடியில் டீ குடித்தவர்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள். நான் கத்தினேன். "நைனா பாக்கணும்க்கா இத!" என்றேன். பின்னாலிருந்து அவளும் சிரித்தாள். பாறை மேலேயே இறங்கிவிடலாமா என்று கேட்டாள். நான் கத்திக்கொண்டே இருந்தேன். "சரி, இன்னும் ஒரு ரவுண்டு," என்றாள்.

அந்த ரவுண்டின் பாதியில்தான் காதோரம் இருந்த காற்றுச் சத்தம் குறைந்தது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் வேகத்தை யாரோ குறைத்ததைப்போல. பாறை உயர ஆரம்பித்தது.

இந்த மாதிரி நேரத்தில் இறங்குவதற்காகவே மணல் இருந்தது. ஆனால் கடலேற்றம் கூடிய நேரம் அது. கடல் மேலேறி மணலை ஒரு சின்னத் துண்டாகச் சுருக்கியிருந்தது. அதன் இரண்டு பக்கமும் உடைந்து விழுந்த பாறைகள். நடுவில் யாரோ ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா விசிலை ஊதினாள். அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பயந்து விலகுவார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கு எங்களைப் பார்த்து ஒரே குஷி. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு, நாங்கள் இறங்கப் போகும் இடத்தை நோக்கியே ஓடி வந்தார்கள். அக்கா இன்னொரு முறை ஊதினாள். அவர்கள் இன்னும் வேகமாக ஓடி வந்தார்கள். இரண்டு ஆள் எடை, அந்த வேகத்தில் அவர்கள்மேல் மோதினால்? அதில் ஒரு பெண்பிள்ளை மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். அவள் வாயில் பல் விழுந்த இடைவெளிகூட எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் இறக்கை கடல் பக்கம் சாய்ந்தது. அக்கா திருப்பிவிட்டாள்.

கடலில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று அவளே எனக்குச் சொல்லியிருந்தாள். நனைந்த இறக்கையை அலை பிடித்துக்கொள்ளும், பிடித்ததை விடாது. அலை உடையும் கோட்டைத் தாண்டிப் போய்விட அவள் முயன்றாள். "மார் பெல்ட்ட கழட்டு," என்றாள். கழற்றினேன். ஒரே இழுப்பில் வந்தது. அது என் தைரியம் இல்லை, அவள் குரல் அப்படி. தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. "இரு. இரு. இரு. இப்ப!" கால் பெல்ட்டை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனேன்.

மேலே வந்தபோது எனக்கும் கரைக்கும் நடுவில் இறக்கை விழுந்து கிடந்தது. அக்கா என் பக்கத்தில்தான் இருந்தாள். கடைசி வரை இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் அவள் பெல்ட்டைக் கழற்ற முடியவில்லை. அவளுக்கு நேரமே இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கரையோரத்தில் ஒரு அலை எழுந்து இறக்கைக்குள் புகுந்தது. பானைபோல அது உப்பியது. கயிறுகள் எல்லாம் ஒரே இழுப்பில் விறைத்தன. அக்கா பின்பக்கமாகத் தண்ணீருக்குள் போனாள். கயிறு சுற்றியிருந்த வலக்கை மட்டும் மேலே தெரிந்தது.

நான் எப்படிப் போனேன் என்று தெளிவாக நினைவில்லை. அவள் உடம்போடு கட்டியிருந்த சீட்டின் பின்பக்கத்துப் பஞ்சு மிதந்து அவளைக் குப்புறத் தள்ளிக்கொண்டிருந்தது. தலையைப் பிடித்து மேலே தூக்கினேன். இருமினாள். "கத்தி," என்றாள். அவள் மார்பில் தடவி எடுத்தேன். இடது தோள் பட்டையை அறுத்தேன். அடுத்த அலை எங்கள் இரண்டு பேரையும் உருட்டியது. மூழ்கி எழுந்தபோதும் கத்தி கையில் இருந்தது. வலது பட்டையை அறுக்கும்போது அவள் அலறினாள். அதுவரை அவள் அலறி நான் கேட்டதில்லை. வலக்கையில் சுற்றியிருந்த கயிற்றை அறுத்தேன். கால் பெல்ட்டு இரண்டையும் தண்ணீருக்குள் மூழ்கித் தடவித்தான் அறுத்தேன். அவள் விடுபட்டாள். இறக்கை சீட்டை இழுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போனது. கடற்கரைக் காவலர்கள் இரண்டு பேர் மிதவையோடு வந்து அவளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

மணலில் படுத்துக்கிடந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். "புள்ளைங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குடும்பம் படியேறிப் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் கவுன் போட்ட பிள்ளை மட்டும் அடிக்கடி திரும்பி எங்களைப் பார்த்தாள். அவள் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

தோள்பட்டை கழன்று, காரை எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். நைனாவும் அம்மாவும் வந்து சேர்ந்தபோது அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நைனா உட்காரவில்லை. கம்பி பிடித்து நிற்கும் பயணியைப்போலக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா நடந்துது? மொதல்லேர்ந்து சொல்லு."

அவள் சொன்னாள். பிள்ளைகள் வந்த இடத்தில் அவர் நிறுத்தினார்.

"வண்டில ஏறனவன் உயிருக்கு டிரைவர்தான் பொறுப்பு. உன் வண்டில ஏறி இருந்தது உன் தம்பி. அவன வெச்சிக்கினு தண்ணில எறக்கினியே, இன்னா நெனச்ச?"

"அவனுக்கு நீச்சல் தெரியும் நைனா. இன்னா பண்ணணும்னு சொல்லி வெச்சிருந்தேன். அந்தப் புள்ளைங்களுக்கு இன்னா வருதுன்னே தெரியல. கை ஆட்டிக்கினு ஓடியாந்துதுங்க."

நைனா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னை வைத்து ஒரு தராசு தூக்கப்பட்டதையும், அதில் நான் எந்தத் தட்டில் இருந்தேன் என்பதையும் அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மணலில் இறங்கியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பதும், அதற்குப் பிறகு நான் எப்படி இருந்திருப்பேன் என்பதும் சேர்ந்தே தோன்றின.

"காத்து பட்டுனு நின்னுச்சா? இல்ல முன்னாடியே தெரிஞ்சுதா?" என்று நைனா கேட்டார். அது அப்பாவின் கேள்வியாக இல்லை. விபத்துக்குப் பிறகு டிப்போவில் ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரைக் கேட்கும் கேள்வி.

பட்டென்று நின்றது என்று அவள் சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. எனக்கே தெரியாது.

"தெரிஞ்சுது," என்றாள். "பருந்துங்க அதுவரிக்கும் றெக்கைய ஆட்டாம மெதந்துக்கினு இருந்துதுங்க. கடைசி ரவுண்டுக்கு முன்னாடி ரெண்டு பருந்து றெக்கை அடிச்சிது. பாத்தேன். எறங்கி இருக்கணும். தம்பி சிரிச்சிக்கினு இருந்தான். அவன் அப்பிடி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. சரி, இன்னும் ஒரு ரவுண்டுன்னு நெனச்சிட்டேன்."

நைனா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிரேக் லேசா எறங்குதுன்னு தெரிஞ்சும், இந்த ஒரு டிரிப்ப அடிச்சிட்டு ஷெட்டுல உடலாம்னு நெனப்போம். நானும் நெனச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவல. அவ்ளோதான் வித்தியாசம்." அம்மாவைப் பார்த்து, "அவளுக்கு எதனா சாப்ட குடு," என்றார்.

அக்கா செஞ்சிக்கு வந்து இருந்த மாதங்கள் சுலபமாக இல்லை. ஓட்டல் மாடியிலிருந்து யாரோ எடுத்த வீடியோ எல்லோர் போனிலும் வந்துவிட்டது. அதில் நாங்கள் கடல் பக்கம் திரும்புவதும் விழுவதும் மட்டும் தெரிந்தன. பாறை மறைத்ததால் மணல் தெரியவில்லை, பிள்ளைகள் தெரியவில்லை. அவ்வளவு பெரிய கரை இருக்கும்போது கடலில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள், பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். என் கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்தவர்களே என்னிடம் அதைக் காட்டினார்கள். நான் விளக்கம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அக்கா யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி இழுத்து இழுத்துத் தோளைப் பழக்கினாள். வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர் வரும். துடைத்துக்கொண்டு மறுபடி இழுப்பாள். ஒரு விடியற்காலை, நைனாதான் இறக்கை மூட்டையைத் தன் வண்டியில் வைத்துக்கொண்டு அவளை அந்தக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். அவள் காலைத் தரையில் ஊன்றி நிற்க, அவர் வேலியோரம் நின்று யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டார்.

ஒருமுறை அவளிடம் கேட்டேன். "எனக்கு நீச்சல் தெரியாம இருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"உன்ன ஏத்தியே இருக்க மாட்டேன்," என்றாள்.

அவள் அந்தக் கடற்கரைக்கே திரும்பிப் போய்ச் சில வருடம் ஆகிவிட்டது. போன டிசம்பர் லீவில் நைனாவை அங்கே கூட்டிப்போனேன். பாறை விளிம்பில் திருவிழாக் கூட்டம். அக்கா இறக்கையை விரித்து வைத்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த புதுக் கல்யாண ஜோடி ஒன்று, ஒருவர்பின் ஒருவராகப் பறக்க ஹெல்மெட் மாட்டித் தயாராக நின்றது. காற்றின் திசை காட்ட நூலில் கட்டிய ரிப்பனை அக்கா பார்த்தாள், கடலைப் பார்த்தாள், குனிந்து கீழே மணலைப் பார்த்தாள். காற்று கொஞ்சம் தெற்கிலிருந்து சாய்ந்து அடித்தது. "இன்னைக்கு வேணாம்," என்றாள்.

மற்ற பைலட்டுகள் பறந்துகொண்டிருந்தார்கள். கம்பெனிக்காரர் வந்து மலையாளத்தில் ஏதோ கெஞ்சினார். புதுமாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "அவங்க எல்லாம் போறாங்களே, உங்களுக்கு மட்டும் என்ன? நாங்க நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும்," என்றார். "அடுத்த தடவ வாங்க," என்று சொல்லி அக்கா இறக்கையை மடிக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

பொழுது சாயும்வரை நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பறந்தவர்கள் எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். ஒருவர் கால்கூட இடறவில்லை.

"அவங்கள்லாம் நல்லாத்தான் எறங்குனாங்க," என்றார் நைனா.

"ஆமா நைனா," என்றாள் அக்கா. அதில் வருத்தமும் இல்லை, வீம்பும் இல்லை.

இருட்டும் நேரத்தில் அந்த ஜோடி எங்களைக் கடந்து கடற்கரைக்கு இறங்கும் படியை நோக்கிப் போனது. மாப்பிள்ளை வேண்டுமென்றே எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"பாத்து எறங்குங்க, கீழ்ப்படி பாசி புடிச்சி இருக்குது," என்று அக்கா குரல் கொடுத்தாள்.

மாப்பிள்ளை நின்று, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார். அவர்கள் இரண்டு பேரும் மணலில் கால் வைக்கும்வரை அக்கா அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.